ஒட்டியதைப் பிரிக்க வருமா? வீட்டில் வைரோ ஆல்பம் செய்கிறவர்களுக்கு

பழைய காகிதங்களையும் புகைப்படங்களையும் சீர்செய்து கொடுப்பது என் தொழில். நிலப் பத்திரம், கையெழுத்துப் பிரதி, தாத்தாவின் டைரி இவைதான் முன்பெல்லாம் அதிகம் வரும். இப்போது அவற்றோடு ஸ்கிராப்புக்குகளும், அதாவது படங்களையும் நினைவுப் பொருள்களையும் ஒட்டி வீட்டில் கையால் செய்த ஆல்பங்களும், வருகின்றன. குழந்தையின் முதல் வருஷம், பெற்றோரின் அறுபதாம் கல்யாணம், தோழிக்குக் கொடுத்த பிறந்தநாள் பரிசு. பலவும் செய்து சில வருஷங்களே ஆனவை. அதற்குள் படம் பிளாஸ்டிக் உறையோடு ஒட்டிக்கொண்டிருக்கும், இல்லை என்றால் சார்ட் பேப்பரின் சாயம் இறங்கி முகத்தில் படிந்திருக்கும்.

மினுக்குத்தாள், ரிப்பன், ஸ்டிக்கர் எல்லாம் போனால் மறுபடி வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஸ்கிராப்புக்கில் நாம் ஒட்டுவது பெரும்பாலும் அசல்: ஒரே பிரதியாக இருக்கும் கறுப்பு வெள்ளைப் படம், பாட்டி கைப்பட எழுதிய கடிதம், பிரசவத்துக்கு முன் எடுத்த ஸ்கேன். அதனால் என்னிடம் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: உள்ளே வைக்கிற ஒவ்வொரு அசலையும் நாளைக்குச் சேதமில்லாமல் வெளியே எடுக்க முடிய வேண்டும். அதற்கு வழி இல்லையென்றால் அசலை உள்ளே வைக்காதீர்கள், நகல் எடுத்து வையுங்கள்.

இந்த விஷயத்தில் வைரோ பைண்டிங், அதாவது ஓரத்தில் ஓட்டை போட்டு இரட்டைக் கம்பி வளையங்களில் தாள்களைக் கோக்கிற முறை, நமக்கு நல்ல துணை. முதுகில் பசை கிடையாது. புத்தகம் முழுசாகத் திரும்பித் தட்டையாக விரியும் என்பதால் படம் வளையாது. ஒரு பக்கம் கெட்டுப்போனால் கம்பியை மெதுவாக விரித்து அந்தத் தாளை மட்டும் மாற்றிவிடலாம். அதே கம்பியைத் திரும்பத் திரும்பத் திறந்து மூடினால் தளர்ந்துவிடும், அப்போது புதுக் கம்பி போட்டுக்கொள்ள வேண்டியதுதான். பிளாஸ்டிக் ஸ்பைரலைவிட எனக்கு வைரோதான் பிடிக்கும். ஸ்பைரலில் எதிரெதிர்ப் பக்கங்கள் விரியும்போது கொஞ்சம் மேலும் கீழுமாக நிற்கும். வைரோவில் நேராக நிற்கும்.

ஆனால் ஜெராக்ஸ் கடையில் புராஜெக்ட் ரிப்போர்ட்டுக்குப் போடுகிற மாதிரியே ஆல்பத்துக்கும் போட்டுவிட்டால் சரிவராது. ரிப்போர்ட் அதே கனத்தில் இருக்கும். ஆல்பம் போகப்போகப் பருக்கும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 300 ஜி.எஸ்.எம். தாள் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) ஒன்று ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர் கனம். 15 தாள் என்றால் 6 மி.மீ. இரண்டு அட்டையும் 2 மி.மீ. வீதம் சேர்த்தால் 10 மி.மீ. கடைக்காரர் இதை அளந்து, கூட 3 மி.மீ. விட்டு, அரை அங்குலக் கம்பி போடுவார். வெற்றுப் புத்தகத்துக்கு அது சரியான அளவு. நீங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு பக்கமும் படம் வைக்கிறீர்கள். ஸ்டூடியோவில் போட்ட படம் ஒன்று சுமார் 0.25 மி.மீ. இருக்கும். பக்கத்துக்கு ஒன்று என்றாலே 30 படத்துக்கு 7.5 மி.மீ. ஏறிவிடும். இப்போது முதுகு ஒல்லியாகவும், திறக்கிற ஓரமான வாய்ப்பக்கம் தடியாகவும் புத்தகம் பிளந்துகொண்டு நிற்கும். அந்த இழுப்பெல்லாம் ஓட்டைகளின் விளிம்பில்தான் விழும். கொஞ்ச நாளில் கிழியத் தொடங்கும்.

இதற்கு வழி எளிது. அதே தாளில் 2 செ.மீ. அகலத்துக்குப் பட்டைகள் வெட்டி, பக்கங்களோடு சேர்த்தே ஓட்டை போட்டு, ஒவ்வொரு தாளுக்கும் நடுவே ஒன்று வீதம் கம்பியில் கோத்துவிடுங்கள். படத்தின் கனத்துக்கு ஏறக்குறைய ஈடாக முதுகும் பருத்துவிடும், புத்தகம் சமமாக உட்காரும். கம்பியை இந்த மொத்தக் கனத்துக்குப் பார்த்து வாங்குங்கள். மேலே சொன்ன ஆல்பத்துக்கு அரை அங்குலம் போதாது, ஏறக்குறைய 22 மி.மீ. கம்பி வேண்டும். இங்கே இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 14 மி.மீ. வரையுள்ள கம்பிக்கு அங்குலத்துக்கு மூன்று ஓட்டை, அதற்கு மேல் பெரிய கம்பிக்கு அங்குலத்துக்கு இரண்டு ஓட்டை. ஏ4 தாளின் நீளப் பக்கத்தில் முதலாவது 34 ஓட்டை, இரண்டாவது 23. ஒன்றுக்குப் போட்ட ஓட்டையில் மற்றது நுழையாது. பல கடைகளில் மூன்று ஓட்டை மெஷின் மட்டும்தான் இருக்கும். போகும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய கம்பி கிடைக்கவில்லையா, ஆல்பத்தை இரண்டு பாகமாகப் பிரித்துவிடுங்கள். பார்க்கவும் அதுதான் நன்றாக இருக்கும்.

ஓட்டை போடுவது வெற்றுத் தாளில்தான். படம் ஒட்டி, மணி பதித்து, சரிகை வைத்த பிறகு கொண்டுபோனால் தாளும் கெடும், மெஷினில் ஓட்டை போடும் பல்லும் கெடும். தாளின் மேல் கீழ் ஓரங்களில் பாதி ஓட்டை விழாதபடி தேவையில்லாத பல்லை இழுத்துவிடச் சொல்லுங்கள். கிழிசல் பெரும்பாலும் அந்த அரை ஓட்டையில்தான் ஆரம்பிக்கும். கம்பியை மூடும்போது பின்னட்டையை எடுத்து முன்னட்டையின் மேல், அதன் உள்பக்கம் மேலே தெரியும்படி வைத்துக் கோத்து அழுத்த வேண்டும். பிறகு பின்னட்டையை அதன் இடத்துக்குத் திருப்பினால், கம்பியின் முனைகள் சேரும் இடம் கடைசித் தாளுக்கும் அட்டைக்கும் நடுவே மறைந்துவிடும். படத்தையோ புடவையையோ அது கீறாது.

தாளில் நார் ஓடும் திசை ஒன்று உண்டு, அதைத்தான் கிரெயின் என்பார்கள். தாளைத் தூக்கி ஒரு ஓரமாக வளைத்துப் பாருங்கள், பிறகு மற்ற ஓரமாக வளைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் இணங்கி வளையும், மறுபக்கம் முறுக்கிக்கொண்டு எதிர்க்கும். இணங்கி வளைகிற வாட்டம் முதுகுக்கு இணையாக வரும்படி வெட்டினால் பக்கம் பூப்போலப் புரளும். மாற்றி வெட்டினால் ஒவ்வொரு பக்கமும் விறைத்துக்கொண்டு நிற்கும், கம்பியோடு மல்லுக்கு நிற்கும். சென்னை பாரிமுனையில் ஆண்டர்சன் தெரு, பந்தர் தெருப் பக்கம் தாள் எடுக்கிறவர்கள் 'கிரெயின் பார்த்து வெட்டிக் கொடுங்கள்' என்றால் போதும், கடைக்காரர்களுக்குப் புரியும்.

எந்தத் தாள்? ஆசிட் ஃப்ரீ, லிக்னின் ஃப்ரீ என்று இரண்டும் போட்டிருக்க வேண்டும். லிக்னின் என்பது மரத்தில் இயற்கையாக இருப்பது. பத்திரிகைத் தாளில் அது அப்படியே இருப்பதால்தான் வெயிலில் போட்ட தினசரி சீக்கிரமே மஞ்சளாகிறது. அப்படிப்பட்ட தாளில் உள்ள அமிலம் அந்தத் தாளோடு நிற்காது, தொட்டுக்கொண்டிருக்கும் தாளுக்கும் படத்துக்கும் பரவும். அதனால் பத்திரிகையில் வந்த மரண அறிவிப்பையோ பரிசு வாங்கிய செய்தியையோ படத்துக்கு எதிர்ப் பக்கத்தில் ஒட்டாதீர்கள், நல்ல தாளில் நகல் எடுத்து ஒட்டுங்கள். நீண்ட நாள் தாங்கும் தாளுக்கு ஐ.எஸ்.ஓ. 9706 என்று ஒரு தரம் உண்டு. படத்தோடு சேர்த்து வைக்கும் பொருள்களுக்கு பி.ஏ.டி. (போட்டோகிராஃபிக் ஆக்டிவிட்டி டெஸ்ட்) என்ற சோதனை இருக்கிறது: படத்தை அது கெடுக்குமா என்று 70 டிகிரி வெப்பம், 86 சதவீத ஈரப்பதத்தில் 15 நாள் வைத்துப் பார்ப்பார்கள். உறையில் இந்தப் பெயர்கள் இருந்தால் நம்பி வாங்கலாம். வண்ண சார்ட் பேப்பர் கண்ணுக்கு அழகுதான், அதற்காக நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் மழைக்காலத்தில் உங்கள் படத்திலும் ஒட்டும்.

பிளாஸ்டிக் உறை போடுவதானால் பி.வி.சி. வேண்டவே வேண்டாம். அதை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள் நாளடைவில் கசியும், படத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஜெராக்ஸ் எழுத்துக்கூட அதில் ஒட்டிப் பெயர்ந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். புதுக் காரைத் திறந்ததும் அடிக்கிற மாதிரி ஒரு நெடி வந்தால் வாங்காமல் வந்துவிடுங்கள். பாலிப்ரொப்பிலீன், பாலியெஸ்டர் உறைகள் பாதுகாப்பானவை. பசைப் பக்கத்தின் மேல் பிளாஸ்டிக் தாள் மூடுகிற பழைய ஆல்பங்கள் வீட்டில் இருந்தால், இப்போதே ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். வராத படத்தை நகத்தால் நெம்ப வேண்டாம். படத்தின் பின்னால் பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலை நுழைத்து, அறுப்பது போல் மெதுவாக நகர்த்தினால் பல படங்கள் வந்துவிடும். அதற்கும் வராததை விட்டுவிடுங்கள்.

பசைக்கு வருவோம். படத்தின் முதுகில் பசையே படக்கூடாது என்பதுதான் என் பக்கம். நான்கு மூலைக்கும் சிறு காகித முக்கோணம் மடித்து, முக்கோணத்தை மட்டும் தாளில் ஒட்டி, படத்தை அதில் செருகிவிடுங்கள். அந்தக் காலத்துக் கறுப்புத்தாள் ஆல்பங்களில் இருந்ததும் இந்த மூலைகள்தான். இன்றைக்கும் அவற்றிலிருந்து படம் கீறலில்லாமல் கையோடு வருகிறது. செலோடேப் மஞ்சளாகி, பசையை மட்டும் தாளில் விட்டுவிட்டு உரிந்துவிடும். வெள்ளை ஃபெவிகால் தாளை நெளிக்கும், காய்ந்த பிறகு பிரிக்க விடாது. அட்டைக்குத் துணி ஒட்ட அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், அசலுக்கு மட்டும் வேண்டாம். பழைய பைண்டிங் முறைப்படி மைதா காய்ச்சி மயில்துத்தம் கலந்து ஒட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பூச்சி வராது என்பது உண்மை. ஆனால் மயில்துத்தம் விஷம், காகிதத்தையும் அரிக்கும். குழந்தை கையில் புரட்டப்போகிற ஆல்பத்துக்கு அது ஆகாது. ஸ்டேப்ளர் பின்னும் ஜெம் கிளிப்பும் கடற்கரை ஊர்களில் துருப்பிடித்துத் தாளில் பழுப்பு வளையம் போடும்.

பிரசவ ஸ்கேன் படத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். என்னிடம் வருகிறவர்கள் அதிகம் கலங்குவது இதற்குத்தான். அல்ட்ராசவுண்ட் மெஷினிலிருந்து வரும் அந்தப் பளபளப்பான சிறு தாள் வெப்பத்தில் கறுக்கும் தாள். கடை பில், பஸ் டிக்கெட் போலத்தான். மை எதுவும் கிடையாது, தாளின் மேல் பூச்சுதான் கறுத்துப் படமாகத் தெரிகிறது. டேப்பின் பசையும் பி.வி.சி. உறையும் பட்டால் அந்தக் கறுப்பு வெளிறிப் போகும். குழந்தை பள்ளிக்கூடம் போகிற வயதில் ஆல்பத்தைத் திறந்தால் வெறும் சாம்பல் நிறச் செவ்வகம் மட்டும் இருக்கும். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று சூடாக லேமினேட் செய்யக் கொடுத்தால் கண்ணெதிரிலேயே முழுத்தாளும் கறுத்துவிடும். இரண்டையும் என்னால் மீட்க முடியாது.  ஆகையால் ஸ்கேன் கைக்கு வந்த அன்றே சாய்வில்லாமல், ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுங்கள். ஸ்டூடியோவில் புகைப்படத்தாளில் பிரிண்ட் போட்டு அதை ஆல்பத்தில் வையுங்கள். அசலை ஒரு காகித உறையில், இருட்டில், சூடில்லாத இடத்தில் தனியாக வையுங்கள்.

மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை, குங்குமம், காய்ந்த பூ, முதல் மொட்டையின் முடி இவற்றையும் நம் வீடுகளில் ஒட்டுவார்கள். ஒட்டட்டும், அவைதானே நினைவு. ஒவ்வொன்றையும் தனித்தனிப் பாலியெஸ்டர் உறையில் போட்டு வையுங்கள். பூ முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். எதிர்ப் பக்கத்தில் படம் வேண்டாம். எழுதுவதற்கு ஜெல் பேனாவை விட்டு பிக்மென்ட் மைப் பேனா வாங்குங்கள், தண்ணீர் பட்டாலும் கலையாது.

செய்து முடித்த ஆல்பத்தைப் படுக்கை வசமாக வையுங்கள். நிற்க வைத்தால் தாள்கள் கம்பியில் தொங்கி ஓட்டைகள் நீளும். மொட்டைமாடிக்குக் கீழே உள்ள லாஃப்ட் சூடு, வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி ஈரம், இரண்டும் வேண்டாம். ஈரம் இருந்தால் இராமபாணப் பூச்சி வரும். அதற்குப் பசையில் உள்ள மாவுச்சத்தும் பிடிக்கும், படத்தின் மேல்பூச்சான ஜெலட்டினும் பிடிக்கும். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை ஆகியவற்றைப் பொடித்துத் துணியில் முடிந்து சுவடிகளுக்குப் பக்கத்தில் வைப்பது வழக்கம். நீங்களும் அப்படி முடிச்சு வைக்கலாம், ஆல்பத்துக்கு வெளியே. வேப்பிலையைப் பக்கங்களுக்கு நடுவே வைத்தால் கறை படியும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ வீடுகளின் ஆல்பங்கள் நனைந்தன. நனைந்த ஆல்பத்தை அப்படியே வெயிலில் வைத்தால் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகிவிடும். வைரோ ஆல்பம் என்றால் உடனே கம்பியை விரித்துத் தாள்களைப் பிரித்துவிடுங்கள். ஸ்டூடியோவில் போட்ட படங்களைச் சுத்தமான குளிர்ந்த நீரில் மெதுவாக அலசி, முகம் மேலே இருக்கும்படி நிழலில் பரப்புங்கள். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் போட்டதைத் தண்ணீரில் விடாதீர்கள், மை கரைந்துவிடும்.

ஆர்டர் எடுத்து இந்த ஆல்பங்களைச் செய்து விற்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். வாடிக்கையாளர் அனுப்பும் படங்களில் எது ஒரே பிரதி என்று கேளுங்கள், அதை நகல் எடுத்துவிட்டு அசலைத் திருப்பிக் கொடுங்கள். எந்தத் தாள், எந்தப் பசை, எந்த அளவுக் கம்பி என்று ஒரு சீட்டில் எழுதிப் பின்னட்டையின் உள்பக்கத்தில் வையுங்கள். பின்னாளில் அதைச் சீர்செய்ய உட்காருகிறவருக்கு முதலில் தேவைப்படுவது அந்தச் சீட்டுதான்.