பள்ளி நூலகப் புத்தகம் பிள்ளையின் கைக்கு வர என்ன செய்ய வேண்டும்?

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் 6 முதல் 10 வரை படிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் இது உங்களுக்குத்தான். பாடப்புத்தகம் தவிர மற்ற புத்தகங்களும் பள்ளியில் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும். அதற்குச் சட்டம் இருக்கிறது, பணமும் ஒதுக்குகிறார்கள். நான் போய்ப் பார்த்த பள்ளிகளில் புத்தகமும் இருந்தது. பீரோவுக்குள், பூட்டிய நிலையில்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும். செய்தித்தாள், பத்திரிகை, எல்லாப் பாடங்களுக்குமான புத்தகங்கள், கதைப் புத்தகங்கள் அதில் இருக்க வேண்டும். கதைப் புத்தகம் என்று சட்டமே சொல்கிறது. "கதை புக்கெல்லாம் எதுக்கு?" என்று கேட்பவரிடம் அந்த வரியைக் காட்டுங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் (சமக்ர சிக்ஷா) அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு 5,000 முதல் 20,000 ரூபாய் வரை நூலக மானியம் உண்டு. எந்த வகுப்பு வரை உள்ள பள்ளி என்பதைப் பொறுத்துத் தொகை மாறும்.

இனி சிக்கல்கள்.

முதல் சிக்கல் வயது. கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை, அதாவது 8-ஆம் வகுப்பு வரைதான். 9 அல்லது 10-ஆம் வகுப்புப் பிள்ளையின் பெயரில் அந்தச் சட்டத்தைச் சொல்லி மனு கொடுத்தால், "இது பொருந்தாது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஒரு தந்தை இப்படித்தான் 4 மாதம் அலைந்தார். உங்கள் பள்ளியில் 6 முதல் 10 வரை ஒரே வளாகத்தில் இருந்தால், 6, 7, 8-இல் பிள்ளை இருக்கும் ஒரு பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு அவர் பெயரில் மனு எழுதுங்கள். நூலகம் என்பது முழுப் பள்ளிக்கும் ஒன்றுதான்; ஒரு வகுப்புக்குத் திறந்தால் மற்ற வகுப்புக்கும் திறந்ததுதான். மாணவர் இதழான 'தேன்சிட்டு' 6 முதல் 9 வரைதான் என்பதையும் நினைவில் வையுங்கள். பத்தாம் வகுப்புக்கு அதைக் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அடுத்தது பூட்டு. பள்ளி மேலாண்மைக் குழுவில் (பெற்றோர் பெரும்பான்மையாக உள்ள குழு) நான் பெற்றோர் உறுப்பினராக இருந்த ஒரு பள்ளியில் பீரோவைத் திறக்கச் சொன்னோம். சாவி எங்கே என்று தேடவே அரை மணி நேரம் ஆனது. உள்ளே கட்டுப் பிரிக்காத புத்தகங்கள்; மேலே கட்டியிருந்த சணல் கயிறுகூட அப்படியே இருந்தது. ஆனால் வழங்கல் பதிவேட்டில் (யாருக்கு எந்தப் புத்தகம் கொடுத்தார்கள் என்று எழுதும் நோட்டு) ஒரு பக்கம் முழுக்க மாணவர் கையெழுத்து, எல்லாம் ஒரே பேனா, ஒரே சாய்வு. அதில் பெயர் இருந்த ஒரு எட்டாம் வகுப்புப் பெண்ணை அழைத்துக் கேட்டேன். "நான் இந்த புக்கை வாங்கவே இல்லையே அத்தை" என்றாள்.

பொறுப்பு ஆசிரியரைத் திட்டிப் பயனில்லை. அவர் தனியாக என்னிடம் சொன்னது: "புக்கு தொலைஞ்சா தணிக்கைல என் சம்பளத்துல பிடிப்பாங்க மேடம்." இந்தப் பயம்தான் பல நூலகங்களைப் பூட்டி வைத்திருக்கிறது. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இல் விதி 215-ஐப் பாருங்கள். ஓர் ஆண்டில் படிக்கக் கொடுத்த ஆயிரம் புத்தகங்களுக்கு 5 தொலைந்தால் அதை இயல்பான இழப்பாகக் கொள்ளலாம் என்கிறது. நேர்மைக் குறைவோ அலட்சியமோ இருக்கக் கூடாது, அவ்வளவே. 1,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள புத்தகமும் அரிய புத்தகமும் தொலைந்தால்தான் கட்டாயம் விசாரணை. இது மத்திய அரசு அலுவலகங்களுக்கான விதி, மாநிலப் பள்ளியை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் பள்ளி மேலாண்மைக் குழுவில் இதைப் படித்துக் காட்டி, "மாணவர் கையில் தொலையும் புத்தகத்துக்கு ஆசிரியர் பொறுப்பல்ல, குழுவே ஏற்கும்" என்று தீர்மானம் போடுங்கள். எங்கள் பள்ளியில் அதற்கு அடுத்த வாரமே கட்டுகள் பிரிந்தன.

மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். எண்ணிக்கை நம் பக்கம்தான். ஆனால் கூட்டம் முடிந்ததும் வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கும் பழக்கம் இருக்கிறது. போடாதீர்கள். நூலகத் தீர்மானம் எழுதி முடித்த பிறகு, படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள், செல்பேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

"மத்திய அரசு பணமே தரலை" என்றும் சொல்வார்கள். 2024-25-இல் தமிழ்நாட்டுக்கு சமக்ர சிக்ஷா திட்டப் பணம் வராமல் நின்றது உண்மை. அதற்கு முன் வந்த புத்தகங்கள் எங்கே என்று கேளுங்கள். பணமாக வந்ததா, புத்தகமாக வந்ததா என்றும் கேளுங்கள்.

வாயால் கேட்டால் வாயாலேயே பதில் வரும், அது எதற்கும் உதவாது. மனு கொடுத்தால் நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். "அப்புறம் வாங்க" என்றால் வீட்டுக்கு வந்துவிட்டு, ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 32-இன்படி எழுத்து மூலமான புகாரின் மீது 3 மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். புகாரைப் பெற வேண்டியவர் யார் என்று விசாரித்தால் கல்வி அலுவலகம் உள்ளாட்சியைக் காட்டும், உள்ளாட்சி கல்வி அலுவலகத்தைக் காட்டும். விசாரிக்காதீர்கள். இருவருக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள்.

அதற்கும் அசையாவிட்டால் தகவல் உரிமைச் சட்டம். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவருக்குக் கட்டணம் இல்லை, ஆனால் சான்றின் நகலை இணைக்க மறந்தால் மனு திரும்பி வரும். பெரும்பாலானவர்கள் சறுக்குவது "ஏன்" என்ற சொல்லில். "ஏன் புத்தகம் கொடுக்கவில்லை?" என்று கேட்டால், அது தகவல் ஆகாது என்று தள்ளிவிடலாம். காகிதத்தைக் கேளுங்கள்: கடந்த 3 ஆண்டு நூலக இருப்புப் பதிவேட்டின் நகல், வழங்கல் பதிவேட்டின் நகல் (மாணவர் பெயரை மறைத்துவிட்டு), நூலகப் பாடவேளை உள்ள கால அட்டவணையின் நகல். பெயரை மறைக்கச் சொல்லாவிட்டால் தனிப்பட்ட விவரம் என்று காரணம் காட்டி மொத்தமாக மறுப்பார்கள்.

கால அட்டவணையைக் கேட்பதில் ஒரு காரணம் இருக்கிறது. அதில் நூலகம் என்று ஒரு பாடவேளை எழுதியிருக்கும். அந்த நேரத்தில் நடப்பது கணக்கு வகுப்பாக இருக்கும். 30 நாளில் பதில் வராவிட்டால், அதற்கடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்துவிட வேண்டும். தேதியை நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.

இதெல்லாம் நடந்து முடிய மாதங்கள் ஆகும், பிள்ளை அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் நூலக வரி என்று ஒரு தொகை இருக்கும், சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு. அதைக் கட்டுகிற நீங்கள் பக்கத்துக் கிளை நூலகத்தில் பிள்ளையை உறுப்பினராக்குங்கள். உறுப்பினர் படிவத்தில் பொறுப்புக் கையெழுத்து கேட்டால் தலைமை ஆசிரியரிடம் வாங்கலாம். பள்ளி முத்திரை இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். படிவத்தை முதலில் நூலகத்தில் வாங்கி, பள்ளி நாளில் கையெழுத்து வாங்கி, அப்புறம் போங்கள். பல கிளைகளுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.