மாரிக் கிணற்றைப் பார்த்துக் கான் வெட்டுங்கள்

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள எழுவான்கரை மணலில் வீடு கட்டுபவர்கள், மழைநீரை வடிக்கக் கான் வேண்டுமா என்று பெரும்பாலும் ஆவணி, புரட்டாதியில்தான் குழி வெட்டிப் பார்க்கிறார்கள். ஒரு வாளி ஊற்றினால் மணல் உடனே குடித்துவிடும். "இந்த மண்ணுக்குக் கானே தேவையில்ல" என்று மேசனும் சொல்லிவிடுவார். கார்த்திகையில் வாவி நிறைந்ததும் அதே குழி அடியிலிருந்து ஊறி நிரம்பும்.

அதனால் முதலில் கிணற்றைப் பாருங்கள். மார்கழியில் நீர் ஏறி நிற்கும் உச்ச மட்டத்தில், கிணற்றின் உட்சுவரில் பெயின்றால் ஒரு கோடு போடுங்கள். தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சு குழியின் அடி அந்தக் கோட்டுக்கு 3 அடியாவது மேலே இருக்க வேண்டும். தரைக்கு 2 அடி கீழேயே தண்ணீர் நிற்கும் வளவில் உறிஞ்சு குழி வீண் செலவு. அங்கே ஆழமில்லாத கான் கட்டி வீதிக் கானுக்கு விடுவதே வழி. கானுக்கு 100 அடிக்கு 1 அடி சரிவு கொடுங்கள். கண்மட்டத்தை நம்பாமல், தண்ணீர் நிரப்பிய டியூப்பால் மட்டம் பிடித்துப் பாருங்கள்.

1,000 சதுர அடிக் கூரையில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஏறத்தாழ 4,600 லீற்றர் தண்ணீர். கூரை நீரை ஏந்தும் பீலி இல்லாவிட்டால் அவ்வளவும் தாவாரத்தடியில் கொட்டி, மணலை அரித்து, அத்திவாரக் கல்லை வெளியே காட்டிவிடும். சுவரை ஒட்டிய 10 அடிக்குள் நிலம் 6 அங்குலம் வெளிப்பக்கமாகச் சரியட்டும்.

வளவை உயர்த்தக் கிறவல் கொட்டும்போதுதான் பெரிய பிழை நடக்கிறது. அத்திவாரத்தின் மேலுள்ள ஈரத்தடுப்புப் படை தரையிலிருந்து 6 அங்குலமாவது உயர்ந்து நிற்க வேண்டும். கிறவல் அதை மூடினாலும், வெளிப்பூச்சு அதைத் தாண்டி மண்வரை இறங்கினாலும் ஈரம் சுவரில் ஏறும். உப்புப் பூத்துப் பூச்சு உதிரும். மேலே பெயின்ற் அடிப்பதால் அது நிற்காது.

நிலத்துக்குள் தேங்கும் நீரை வடிக்கத் துளைக் குழாய் பதிப்பவர்கள் துளைகளைக் கீழ்ப்பக்கம் வையுங்கள். மேலே வைத்தால், குழாயின் உச்சிவரை நீர் ஏறிய பிறகுதான் உள்ளே வரும். சுற்றிலும் முக்கால் அங்குலச் சல்லி போட்டு, அதற்கு வெளியே வடிதுணி சுற்றாவிட்டால் நம் பொடிமணல் விரைவிலேயே அடைத்துவிடும்.

மதில் கட்டும்போது அடியில் நீர் போக வழி விடுங்கள். அடைத்தால் அயல்வீட்டு முற்றம்தான் குளமாகும்.

மலசலகூடத் தாங்கியை நிறைமாரியில் முழுதாக இறைக்கவே வேண்டாம். 3 கன மீற்றர் தாங்கி நிலத்தடி நீரில் மூழ்கியிருந்தால் அதை 3 தொன் விசை மேலே தள்ளும். வெறுமையான தாங்கி மிதந்து, குழாய் மூட்டுகள் முறியும். இறைப்பதென்றால் ஆடி, ஆவணியில் இறைத்துவிடுங்கள்.