"புரிந்ததா?" என்று கேட்காதீர்கள்

ஆசிரியர் பயிற்றுநராகப் பல பள்ளிகளில் வகுப்புகளைப் பார்வையிடுகிறேன். எந்தப் பாடமானாலும், எந்த ஊரானாலும், தவறாமல் காதில் விழுவது "புரிந்ததா?" என்ற கேள்விதான். "புரிந்தது டீச்சர்!" என்று வகுப்பே அதிரும். ஆசிரியர் நிம்மதியாகப் பக்கத்தைத் திருப்புவார். சென்ற வாரமும் அதையே பார்த்துவிட்டு வந்ததால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஐந்தாம் வகுப்பு, பின்னங்கள் பாடம். கரும்பலகையில் ஒரே அளவில் இரண்டு வட்டங்கள், அழகான விளக்கம். குறை சொல்ல ஏதுமில்லை. இடையிடையே "புரிந்ததா?" வந்துகொண்டே இருந்தது. பாடம் முடிந்ததும், எல்லோரையும் முந்திக்கொண்டு "புரிந்தது" என்ற சிறுமியிடம் போய், 1/3, 1/5 இரண்டில் எது பெரியது என்று கேட்டேன். "1/5 சார்." ஏன்? "மூன்றைவிட ஐந்துதானே பெரியது?" ஆசிரியைக்குக் கோபம் வந்துவிட்டது. "இவ்வளவு நேரம் புரிந்தது, புரிந்தது என்றாயே!"

அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை. இதைத்தான் எத்தனை பயிற்சிகளில் சொன்னாலும் நம் ஆசிரியர்கள் ஏற்க மறுக்கிறார்கள். தவறாகப் புரிந்துகொண்ட குழந்தைக்கும் அது புரிந்ததாகத்தான் தோன்றும். ஐந்து பெரியது என்பதில் அவளுக்குத் துளியும் ஐயமில்லை. தனக்குப் புரியவில்லை என்று தெரிந்த குழந்தையோ வாயைத் திறக்காது. நாற்பது பேருக்கு நடுவில் எழுந்து "புரியவில்லை" என்றால், "கவனிக்காமல் என்ன செய்துகொண்டிருந்தாய்?" என்பதுதானே பல வகுப்புகளில் கிடைக்கும் பதில்? மிச்சமிருப்பது கூட்டுக்குரல். நான்கைந்து பேர் தொடங்குவார்கள், மற்றவர்களின் உதடுகள் பின்னாலேயே அசையும். பின்வரிசையில் நின்று பார்த்தால் இது நன்றாகத் தெரியும், கரும்பலகைப் பக்கமிருந்து தெரியாது. ஆக, "புரிந்தது" என்ற பதிலை வைத்து எந்தக் குழந்தையைப் பற்றியும் நீங்கள் எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

இதன் உடன்பிறப்பு இன்னொன்று. "தாவரங்கள் உணவு தயாரிப்பது ஒளிச்சேர்...?" "க்கை!" முக்கால் பதிலை நாமே சொல்லிவிட்டுக் கால் பதிலைப் பிள்ளைகளிடம் வாங்குகிறோம். தயவுசெய்து இதை வினா என்று பாடக்குறிப்பில் எழுதாதீர்கள். (பாடக்குறிப்பில், சிந்தனைத் திறன்களை எளிதிலிருந்து கடினம்வரை அடுக்கும் ப்ளூமின் படிநிலைகள் ஆறும் வரிசையாக இருக்கும், வகுப்பில் முதல் படியான நினைவுகூர்தலைத் தாண்டுவதில்லை. மேற்பார்வைக்கு வருபவர்களுக்கு இது தெரியாது என்று எண்ண வேண்டாம்.)

நல்ல வினா எப்படி இருக்கும்? 8 + 4 = □ + 5 என்று எழுதிப் பாருங்கள். ஒரு குழந்தை 12 என்று எழுதினால், சமக்குறியை 'விடையை எழுது' என்ற கட்டளையாக எடுத்துக்கொண்டிருக்கிறது. 17 என்றால், கண்ணில் பட்ட எண்களையெல்லாம் கூட்டியிருக்கிறது. 7 என்று எழுதிய குழந்தைக்கு இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்பது பிடிபட்டிருக்கிறது. இப்படித் தவறான விடையும் உங்களுக்கு வழிகாட்ட வேண்டும். இத்தகைய வினா வகுப்பில் நிற்கும்போது தானாக உதிக்காது, முதல்நாளே யோசித்து எழுதிக்கொள்ள வேண்டும். பாடத்துக்கு ஒன்றோ இரண்டோ போதும்.

கேட்ட பிறகு காத்திருங்கள். அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களிலேயே வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து சொன்னது இது: வினா கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள். அதையே மூன்று நொடியாக்கினால் பதில்கள் நீள்கின்றன, மந்தம் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளும் பேசத் தொடங்குகிறார்கள். குழந்தை பதில் சொன்ன பிறகும் அதே மூன்று நொடி தேவை. உடனே "வெரி குட்" சொல்லி மூடிவிட்டால், அடுத்து வரவிருந்த "ஏனென்றால்..." வராமலே போய்விடும். காத்திருந்து பார்க்க அஞ்ச வேண்டாம், அந்த அமைதி வகுப்புக் கட்டுப்பாட்டைக் குலைத்துவிடாது.

பெயரை முதலில் சொல்லாதீர்கள். "முருகா, சொல்" என்று தொடங்கினால் மற்ற முப்பத்தொன்பது பேரும் அந்த நொடியே ஓய்வெடுப்பார்கள். வினா, இடைவெளி, பிறகு பெயர். எப்போதும் கை தூக்கும் அதே மூன்று பேரிடம் போகாதீர்கள். தூங்கி வழியும் பிள்ளையை எழுப்பி அவமானப்படுத்த வினாவைப் பயன்படுத்தவே பயன்படுத்தாதீர்கள். சரியான விடைக்கும் "எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்று கேளுங்கள். பி.எட். படிக்கும்போது கிளர்வினா (விடையைத் தொடர்ந்து துருவிக் கேட்கும் வினா) என்று மதிப்பெண்ணுக்காகச் செய்து காட்டினோமே, அதுதான்.

பாடத்திட்டத்தை முடிக்க வேண்டிய நெருக்கடி எனக்கும் தெரியும். ஆனால் அந்தச் சிறுமி ஆறாம் வகுப்புக்குப் போனதும் பின்னங்களைக் கூட்டவும் கழிக்கவும் வேண்டியிருக்கும். நாளைக்கு ஒரே ஒரு பாடவேளையில், "புரிந்ததா?" என்று வாய்வரை வரும்போது நிறுத்திவிட்டு, ஒரு கணக்கைக் கொடுத்துச் சிலேட்டில் எழுதித் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள்.