ஊட்டியிலிருந்து இறங்கும்போது பிரேக்கிலிருந்து காலை எடுங்கள்

மேட்டுப்பாளையத்தில் வண்டி வேலை பார்க்கிறேன். ஞாயிறு சாயங்காலம் ஆனால் எங்களுக்கு வரும் போன்கள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லும்: குன்னூர் இறக்கத்தில் பர்லியார் பக்கம் ஓரம் கட்டியிருக்கிறோம், முன்சக்கரத்திலிருந்து புகை வருகிறது, பெடல் மிதித்தால் தரையோடு போகிறது.

இதே வண்டிகள் காலையில் ஒரு குறையும் இல்லாமல் ஏறிப் போனவைதான். கல்லாறு தாண்டி குன்னூர், கேத்திப் பள்ளத்தாக்கு, ஊட்டி, அங்கிருந்து கூடலூர் சாலையில் காமராஜ் சாகர் அணை, பைன் காடு, பைக்காரா ஏரி எல்லாம் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் இறங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டுக் கிளம்புகிறார்கள். போங்கள், ஒரு நாளில் பார்க்க அதைவிட அழகான பாதை நம் பக்கத்தில் குறைவுதான். இ-பாஸ் மட்டும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், 2024 மே மாதத்திலிருந்து அது கட்டாயம்.

பைக்காரா ஏரியில் படகில் போகும்போது ஒன்றை யோசித்துப் பாருங்கள். பைக்காரா தண்ணீரைக் குழாயில் கீழே சிங்காரா மின் நிலையத்துக்கு இறக்கித்தான் 1932லிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். உயரத்திலிருந்து இறங்கும் எதிலும் அந்தச் சக்தி இருக்கிறது, உங்கள் வண்டியிலும்தான். ஆள், பையோடு சேர்த்து 1,500 கிலோ இருக்கும் கார் குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குள் கிட்டத்தட்ட 1,500 மீட்டர் இறங்குகிறது. அந்தச் சக்தி முழுக்க வெப்பமானால் 70 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். காற்றும் ரோடும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை, வண்டி கியரில் இருந்தால், இன்ஜின் இழுத்துப் பிடித்துத் தாங்க வேண்டும், இல்லாவிட்டால் சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கிற, உள்ளங்கை அளவுகூட இல்லாத பிரேக் பேடுகள் தாங்க வேண்டும். நியூட்ரலில் விட்டு இறங்கினால் எல்லாம் பேடு தலையில்தான்.

நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று இன்னும் நிறையப் பேர் நம்புகிறார்கள். கார்புரேட்டர் காலத்துப் பேச்சு அது. இப்போதைய வண்டிகளில் கியரில் இருந்துகொண்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜெக்டர் எரிபொருளையே நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில் போட்டால்தான் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க எரிபொருள் செலவாகும். இன்ஜினையே ஆஃப் பண்ணிவிட்டு இறங்குகிறவர்களை நினைத்தால் பயமாகவே இருக்கிறது: பவர் ஸ்டியரிங் போய்விடும், நாலைந்து மிதிக்குமேல் பெடல் கல்லாகிவிடும்.

பிரேக் சூடாகி விட்டுப்போவதில் இரண்டு வகை உண்டு. பெடல் வழக்கம்போலக் கெட்டியாக இருக்கிறது, ஆனால் வண்டி நிற்கவில்லை, கருகிய வாடை வருகிறது என்றால் பேடு சூடேறிப் பிடிப்பை இழந்துவிட்டது. அப்படிப்பட்ட பேடைக் கழற்றிப் பார்த்தால் முகம் கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருக்கும், டிஸ்க்கில் நீலம் பாய்ந்திருக்கும். இன்னொரு வகையில் பெடல் ஸ்பாஞ்ச் போல உள்ளே போகும், ஏனென்றால் மிதிக்கிற அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பிரேக் ஆயில் கொதித்துக் குழாய்க்குள் ஆவி கட்டிவிட்டது. டாட் 3 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்குமேல்தான் கொதிக்க வேண்டும், ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈரம் ஏறியபின் 140 டிகிரிவரை தாங்கினால் போதும் என்பதுதான் அதன் தரக்கணக்கே. அதனால்தான் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றச் சொல்கிறோம். இன்ஜின் ஆயில் மாற்றிய தேதி எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும், பிரேக் ஆயிலைக் கேட்டால் யோசிப்பார்கள்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது வேறு. அரைமணி நேரம் நின்றால் ஆவி மறுபடி ஆயிலாகிவிடும், பெடல் பழையபடி வந்துவிடும். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் வண்டிக்காரர், "இப்ப நல்லாத்தானுங்க பிடிக்குது, போயிடலாமாண்ணா?" என்று கேட்பார். எதையும் மாற்றாமல், அதே பழக்கத்தோடு மிச்ச வளைவுகளில் இறங்கினால் அது மறுபடி போகும்.

சரி, எப்படி இறங்குவது? இறக்கம் தொடங்குமுன்பே இரண்டாவது கியருக்கு வந்துவிடுங்கள், வளைவு செங்குத்தாக இருந்தால் முதல் கியர். இன்ஜின் சத்தம் போடும், போடட்டும், அது வேலை செய்கிற சத்தம். வேகம் கூடினால் பிரேக்கை ஒருமுறை அழுத்திக் குறைத்துவிட்டுக் காலை எடுங்கள். லேசாக மிதித்தபடியே வருவதுதான் வண்டியைக் கெடுக்கிறது. ஆட்டோமேட்டிக்கில் டி-யிலேயே வராமல் எல் அல்லது மேனுவலுக்கு மாற்றுங்கள். எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்கள் ஊட்டியில் நூறு சதவீதம் சார்ஜ் போட்டுக்கொண்டு இறங்க வேண்டாம். இறக்கத்தில் மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடித்து அந்தச் சக்தியைப் பேட்டரியில் ஏற்றுவதுதான் ரீஜென். பேட்டரி நிறைந்திருந்தால் ரீஜெனுக்குச் சக்தியை எங்கே போட இடமிருக்கும்? பாரம் முழுக்க பிரேக்குக்கே வந்துவிடும்.

வாடகை ஸ்கூட்டர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அவற்றில் கியரைக் குறைக்கும் வசதியே கிடையாது, வேகம் குறைந்தால் கிளட்ச் தானாகவே விட்டுவிடும், அப்புறம் இன்ஜின் இழுத்துப் பிடிக்காது. இரண்டு பேர் உட்கார்ந்து நீண்ட இறக்கத்தில் வருவதற்கான வண்டி அது இல்லை. ஏரியைச் சுற்றிவர வைத்துக்கொள்ளுங்கள்.

ஊட்டியிலிருந்து 36 கொண்டை ஊசி வளைவுள்ள கல்லட்டிப் பாதையில் வெளியூர் வண்டிகளை மசினகுடிக்கு இறங்க விடாததும் பிரேக் விட்டுப்போகும் இதே காரணத்தால்தான். கூகுள் காட்டுகிறது என்று அங்கே போய் வாக்குவாதம் செய்யாதீர்கள், கூடலூர் வழியாகச் சுற்றிப் போங்கள்.

பெடல் உள்ளே போய்விட்டால் அதை விட்டு விட்டு வேகமாகப் பலமுறை மிதியுங்கள், கொஞ்சம் அழுத்தம் திரும்பும். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள், ஹேண்ட் பிரேக்கைப் பட்டனை அழுத்தியபடியே மெதுவாக ஏற்றுங்கள், மலைச் சுவர் இருக்கும் பக்கமாக ஒதுங்குங்கள். நின்றபின் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். டிஸ்க்கில் மட்டும் தண்ணீர் ஊற்ற வேண்டாம், சூட்டில் கோணிவிடும், வெடிப்பும் விடலாம். தானாக ஆறட்டும். ஆறியபின்னும் ஒரு மெக்கானிக் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.