அண்ணாச்சி, இலையில இருக்க ஈஸ்ட் எல்லாம் நோய் இல்ல

போன வாரம் அம்பாசமுத்திரம் பக்கத்துல இருந்து ஒரு அண்ணாச்சி வாழை இலைய சுருட்டி மஞ்சப்பையில வச்சு லேபுக்கு கொண்டாந்துட்டாவ. "இலையில புதுசா ஏதோ பூஞ்சை கண்டுபிடிச்சிருக்காவளாமே தம்பி, வாட்ஸப்ல வந்துச்சு, நம்ம ஏத்தன் வாழைக்கு வருமா, இப்பவே மருந்து அடிச்சிரட்டுமா"ன்னு கேக்காவ. விரிச்சு பாத்தா இலை பச்சப்பசேல்னு இருக்கு, ஒரு புள்ளி கூட கெடையாது.

அந்த மெசேஜ்ல இருந்தது ஈஸ்ட். பூஞ்சை குடும்பந்தான், ஆனா நோய் இல்ல. கலயத்துல சுண்ணாம்பு தடவாம விட்டா பதனி கள்ளாயிருதுல்லா, அந்த வேலைய பாக்கதுல ஈஸ்டுக்குதான் பெரிய பங்கு. இலையில இருக்கது அதுக்கு தூரத்து சொந்தம், அதுல நெறைய வகை நொதிக்கவே செய்யாது, இலையில கசியுற சர்க்கரை, அசுவினி விட்ட பிசுக்கு இதுகள தின்னுட்டு சும்மா கெடக்கும்.

அண்ணாச்சி நம்பல. சரின்னு அந்த இலையிலயே விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி பெட்ரி பிளேட்டுன்னு லேப்ல இருக்க வட்டத்தட்டோட மூடிக்கு உள்பக்கம் வாசலின் தொட்டு ஒட்டிட்டு, கீழ அகார், அதாவது ஈஸ்ட் வளர்ற ஜெல்லி, இருக்க மாதிரி மூடி வச்சேன், இலை அகார தொடவே இல்ல. நாலாம் நாள் வரச்சொல்லி காட்டுனேன். கீழ அகார்ல அதே துண்டு அளவுக்கு, அதே சாய்வுல, ரோஸ்மில்க் கலர்ல பொட்டு பொட்டா வளந்து நிக்கி. ஸ்போரோபோலோமைசிஸ்னு ஒரு ஈஸ்ட் வகை. ஒரு பொடி தண்ணித்துளி சேந்ததும் தன்னோட வித்துகள (ஸ்போர்) சுண்டி எறிஞ்சிரும், அதான் இலையோட படம் அப்படியே கீழ விழுது, கண்ணாடி ஈஸ்ட்னே இதுக்கு ஒரு பேரு உண்டு. அண்ணாச்சி ரொம்ப நேரம் பாத்துட்டு "இலை எச்சி துப்புன மாதிரில்லா இருக்கு"ன்னாவ.

"அப்ப இது புதுசா?"ன்னு அடுத்த கேள்வி.

கலர வச்சு சொல்லவே முடியாது. டிஎன்ஏல டி1/டி2ன்னு ஒரு 600 எழுத்து பகுதிய படிச்சு தெரிஞ்ச ஈஸ்ட்களோட ஒப்பிடணும், 1 சதவீதத்துக்கு மேல, அதாவது ஆறு எழுத்து மாதிரி வித்தியாசம் வந்தா வேற இனமா இருக்கலாம்னு 1998ல கர்ட்ஸ்மேன், ராப்நெட்னு ரெண்டு ஈஸ்ட் ஆராய்ச்சியாளர்க சொன்ன கணக்கு. அது சந்தேகப்படத்தான், முடிவு கட்ட இல்ல. பெறவு ஐடிஎஸ்னு இன்னொரு டிஎன்ஏ பகுதி, எந்தெந்த சர்க்கரைய திங்கி, நைட்ரேட்ட எடுத்துக்குதா, 37 டிகிரில வளருதான்னு வரிசையா பாக்கணும்.

நானே சூடு பட்டவன். பல வருசத்துக்கு முன்னாடி பாபநாசம் பக்கம் ஒரு தோட்டத்து இலையில கெடச்ச ஈஸ்டுக்கு எட்டு எழுத்து வித்தியாசம் வந்துச்சு, பேரு கூட மனசுக்குள்ள வச்சுட்டேன், தாமிரபரணிய சேத்து. எதிர் பக்கத்துல இருந்தும் ஒருக்கா படிச்சு பாத்தா வித்தியாசம் ரெண்டே எழுத்து. மீதி ஆறும் மொதல்ல படிச்சதோட கடைசில கலங்கிப்போன பகுதி, நான்தான் வெட்டி எறியாம விட்டுருக்கேன். ரெண்டு நாளு சோறு எறங்கல.

எல்லாம் சரியா வந்து புதுசுன்னு பேரு வைக்கணும்னாலும், அந்த ஈஸ்ட வளராம செயல்படாத நிலையில பத்திரப்படுத்துன சாம்பிள பொது சேமிப்புல வைக்கணும், சண்டிகர்லயும் புனேலயும் அப்படி சேமிப்பு இருக்கு. 2013ல இருந்து மைக்கோபேங்க் மாதிரி பூஞ்சைப்பேரு பதிவேட்டுல நம்பர் வாங்காம பேரே செல்லாது. 2012க்கு முன்னாடி லத்தீன்ல வேற எழுதணும், நல்லவேளை அத எடுத்துட்டாவ. ஒத்த இலையில கெடச்ச ஒத்த ஸ்ட்ரெயின, அதாவது ஒரே ஒரு வளர்ப்ப வச்சு பேரு வைக்கதும் நடக்கத்தான் செய்யுது, எனக்கு அதுல இஷ்டமில்ல.

மருந்து விஷயத்துக்கு வாரேன். பூஞ்சைக்கொல்லிக்கு நல்லது கெட்டது தெரியாது, இந்த ஈஸ்டயும் சேத்து காலி பண்ணிரும். இதுகள்ல சிலது இலையில கெடக்க சாப்பாட்ட முந்தி தின்னு நோய்ப்பூஞ்சைக்கு எடம் குடுக்காம வச்சிருக்கும். சிகடோகான்னு வாழை இலைப்புள்ளி நோய் மாதிரி மஞ்சக்கோடு, பழுப்பு புள்ளி விழுந்தா அது வேற, அந்த இலைய கொண்டாங்க, பாத்துட்டு பேசுவோம். வாட்ஸப்ப பாத்துட்டு டேங்க மாட்டாதீங்க.

அண்ணாச்சி கெளம்பும்போது பிளேட்ட பேத்திக்கு காட்ட கொண்டு போகவான்னு கேட்டாவ. போட்டோ எடுத்துக்கோங்க, இத ஆட்டோகிளேவ்னு லேப் நீராவி குக்கர்ல போட்டு அவிச்சுதான் வெளிய தள்ளணும்னேன். "இட்லி மாதிரியா?"ன்னு சிரிச்சிட்டே போனாவ.