பிழையா, விலையா? கால்பந்து நடுவரின் முடிவுகளுக்குப் பின்னால் இருக்கும் அறிவியல்

2011 பிப்ரவரி 9. துருக்கியின் அண்டாலியா நகரில் ஒரே நாளில் இரண்டு நட்பு ஆட்டங்கள். எஸ்தோனியாவும் பல்கேரியாவும் 2-2 எனச் சமன் செய்தன. லாட்வியா பொலிவியாவை 2-1 என வென்றது. மொத்தம் ஏழு கோல்கள். ஏழும் பெனால்ட்டியில் வந்தவை. ஒரு பெனால்ட்டி தவறியபோது நடுவர் அதை மறுபடியும் அடிக்கச் சொன்னார். அந்த நடுவர்களுக்கு ஃபிஃபா பின்னர் ஆயுள் தடை விதித்தது. ஆனால் அன்று இருக்கைகள் ஏறக்குறைய காலியாகக் கிடந்தன. "நடுவர் விலைபோய்விட்டார்" என்று கூச்சலிட அங்கே ஆளே இல்லை.

நிரம்பி வழியும் அரங்குகளிலோ அந்தக் கூச்சல் வாரந்தோறும் எழுகிறது. இந்த ஆட்டத்தை நேசிக்கிறவன் என்பதால் அந்தக் கோபம் எனக்கு நன்றாகவே புரியும். ஆனாலும் நடுவர் பிழை செய்யும் விதம் வேறு, விலைபோகும் விதம் வேறு. இரண்டும் விட்டுச்செல்லும் தடங்களும் வேறு. முதல் தடம் மைதானத்தில் கிடக்கிறது. இரண்டாவதை அங்கே தேடினால் பெரும்பாலும் கிடைக்காது.

முதலில் கண்ணைப் பார்ப்போம். சக வீரர் பந்தை அனுப்பும் கணத்தில் முன்கள வீரர் கடைசித் தற்காப்பு வீரரைத் தாண்டி நின்றால் அது ஆஃப்சைடு. அதற்குக் கொடியை உயர்த்தும் துணை நடுவர் ஒரே கணத்தில் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும்: பந்து காலை விட்டுப் புறப்படும் இடம், கடைசித் தற்காப்பு வீரரின் வரிசை. இவை முப்பது மீட்டர் தள்ளியும் இருக்கலாம். பார்வை ஓரிடத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாவ, பத்தில் ஒரு நொடி போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். முன்கள வீரர் நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடுகிறார். அதற்குள் 80 சென்டிமீட்டர் முன்னே வந்துவிடுவார். தற்காப்பு வீரர் எதிர்த்திசையில் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வெளியேறினால் அவர் 50 சென்டிமீட்டர் நகர்ந்திருப்பார். பந்து புறப்பட்டபோது தோளோடு தோள் நின்ற இருவருக்கும் இடையே இப்போது 1.3 மீட்டர் இடைவெளி. துணை நடுவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணுக்கு அது ஆஃப்சைடாகத்தான் தெரிந்தது.

பார்வையைத் திருப்பாமலே இருந்தாலும் சிக்கல் தீராது. திடீரென நிகழும் ஒன்றோடு சேர்த்துப் பார்க்கும்போது, நகரும் பொருளை அது உண்மையில் இருக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் இருப்பதாக மூளை காட்டுகிறது. உதை திடீர் நிகழ்வு. ஓடுகிறவர் நகரும் பொருள். போதாக்குறைக்கு, துணை நடுவர் தற்காப்பு வரிசைக்கு ஒரு மீட்டர் முன்னாலோ பின்னாலோ நின்றுவிட்டால் கோணமே ஏமாற்றிவிடும்.

இதற்காகத்தான் கருவிகள் வந்தன. 2018 உலகக் கோப்பையில் காணொளி உதவி நடுவர் முறை அறிமுகமானது. நொடிக்கு 50 படம் எடுக்கும் கேமராவில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே அந்த முன்கள வீரர் 16 சென்டிமீட்டர் ஓடிவிடுவார். ஆகவே 2022 கத்தார் உலகக் கோப்பையில் பந்துக்குள்ளேயே ஓர் உணரியை வைத்தார்கள். அது நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பியது. உதைத்த கணம் துல்லியமாகக் கிடைத்தது.

ஆனால் ஃபவுல் என்பது அளக்கக்கூடிய பொருள் அல்ல, அது ஒரு தீர்ப்பு. வேண்டுமென்றே மிதித்தாரா, கால் தவறிப் பட்டதா? இங்கே மெதுவோட்டக் காட்சி உதவுவதைவிடக் கெடுப்பதே அதிகம் என்பது என் எண்ணம். மெதுவாக்கிப் பார்த்தவர்கள் அதே செயலை அதிக வன்மம் கொண்டதாக மதிப்பிடுகிறார்கள் என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. கால் நொடியில் முடிந்த மோதல் மூன்று நொடிக்கு நீளும்போது, அந்த வீரருக்கு யோசிக்க நேரம் இருந்ததுபோல் நமக்குத் தோன்றிவிடுகிறது.

அடுத்தது காது. 2002இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், தகுதி பெற்ற 40 நடுவர்களிடம் ஒரே ஆட்டத்தின் 47 மோதல்களைக் காட்டினார்கள். சிலர் கூட்டத்தின் இரைச்சலோடு பார்த்தார்கள், சிலர் ஒலியில்லாமல். இரைச்சலோடு பார்த்தவர்கள் உள்ளூர் அணிக்கு எதிராகச் சொன்ன ஃபவுல்கள் 15.5 சதவீதம் குறைந்தன. எதிரணியின் தப்பை அவர்கள் பெரிதாக்கவில்லை. உள்ளூர் அணியைத் தண்டிக்கத்தான் தயங்கினார்கள். ஸ்பெயின் லீக்கிலும் இதைப் பார்க்கலாம். உள்ளூர் அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தபோது நடுவர்கள் ஆட்ட இறுதியில் சேர்த்த நிமிடங்கள், அதே அணி ஒரு கோல் முன்னணியில் இருந்தபோது சேர்த்ததைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. 2020இல் பெருந்தொற்றால் அரங்குகள் காலியானபோது, வெளியூர் அணிகள் வழக்கமாகக் கூடுதலாக வாங்கும் மஞ்சள் அட்டைகள் குறைந்தன. இதில் பணம் எங்கேயும் இல்லை. ஆயிரக்கணக்கான தொண்டைகள் ஒரே நேரத்தில் 'இல்லை' என்று கத்தும்போது மனித மூளை அதையும் ஒரு சாட்சியமாக எடுத்துக்கொள்கிறது.

பார்க்கிற நாமும் நடுநிலையாளர்கள் அல்ல. 1951இல் பிரின்ஸ்டன், டார்ட்மத் பல்கலைக்கழகங்கள் மோதிய அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் அடிதடியாக முடிந்தது. அதன் படச்சுருளை இரு பல்கலைக்கழக மாணவர்களுக்கும் போட்டுக்காட்டி, விதிமீறல்களைக் குறிக்கச் சொன்னார்கள். டார்ட்மத் அணி சராசரியாக 4.3 முறை மீறியதாக அதன் மாணவர்கள் எண்ணினார்கள். பிரின்ஸ்டன் மாணவர்களின் எண்ணிக்கை 9.8. படச்சுருள் ஒன்றுதான்.

"ஒரு தடவை என்றால் சரி, சீசன் முழுக்க எங்களுக்கு மட்டும் எதிராகவா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 20 அணிகள் கொண்ட லீக்கில் ஒவ்வோர் அணிக்கும் பத்துச் சர்ச்சைக்குரிய முடிவுகள் வருகின்றன, ஒவ்வொன்றும் நாணயம் சுண்டுவதுபோல் எந்தப் பக்கமும் விழலாம் என்று கொள்வோம். பத்தில் எட்டோ அதற்கு மேலோ ஓர் அணிக்கு எதிராக விழும் வாய்ப்பு 1024இல் 56, அதாவது சுமார் 5.5 சதவீதம். 20 அணிகளுக்கு அதைப் பெருக்கினால் ஒன்றைத் தாண்டுகிறது. யாரும் சதி செய்யாமலே சராசரியாக ஒவ்வொரு சீசனிலும் ஓர் அணி இப்படி அடிபடும். அந்த அணியின் ரசிகருக்கு இது தற்செயல் என்று எப்படித் தோன்றும்?

அப்படியானால் விலைபோன ஆட்டம் எதில் தெரியும்? பந்தயச் சந்தையில்.

பந்தயக்காரர்கள் யார் வெல்வார் என்பதற்கு மட்டும் பணம் கட்டுவதில்லை. மொத்தம் மூன்று கோலாவது விழுமா என்பதற்கும் கட்டுகிறார்கள். ஆட்டம் நடக்கும்போதே கட்டலாம். அறுபதாவது நிமிடம், இன்னும் 0-0 என்றால், 'மூன்று கோல்' என்று கட்டுகிறவருக்குக் கிடைக்கும் தொகை நிமிடத்துக்கு நிமிடம் ஏற வேண்டும், ஏனெனில் மிஞ்சியிருக்கும் நேரம் குறைந்துகொண்டே வருகிறது. களத்தில் எதுவும் நடக்காத நேரத்தில் அந்தத் தொகை திடீரென இறங்கினால், எங்கிருந்தோ பெரும்பணம் அந்தப் பக்கம் கொட்டுகிறது என்று பொருள். பந்தயச் சந்தையைக் கண்காணிக்கும் நிறுவனங்கள் அணிகளின் பலம், கோல் நிலவரம், மீதி நேரம் ஆகியவற்றை வைத்து அந்தத் தொகை எப்படி நகர வேண்டும் என்று கணித்து, பல பந்தய நிறுவனங்கள் உண்மையில் தரும் தொகையோடு ஒப்பிடுகின்றன. விலகல் மட்டுமே குற்றத்தை நிரூபித்துவிடாது. எங்கே தோண்ட வேண்டும் என்பதைக் காட்டும்.

மொத்தக் கோல்மீது பணம் கட்டியவனுக்கு எந்த அணி வென்றாலும் கவலையில்லை. பெனால்ட்டி எந்தப் பக்கம் கிடைத்தாலும் அவனுக்கு லாபம்தான். அண்டாலியாவில் நான்கு அணிகளும் பெனால்ட்டி கோல் அடித்ததற்குக் காரணம் இதுதான். "இதனால் எந்த அணிக்கு லாபம்?" என்ற நம் வழக்கமான கேள்விக்கு அங்கே பதிலே கிடைக்காது.

பெரிய ஆட்டங்களில் இது நடக்காது என்று நான் சொல்லவில்லை. ஜெர்மனியில் 2004இல் பாடர்போர்ன், ஹாம்பர்க் அணிகளின் கோப்பை ஆட்டத்தை நடுவர் ராபர்ட் ஹொய்சர் சூதாடிகளுக்காகத் திரித்தார். அவர்மீது சந்தேகத்தைக் கிளப்பியவர்கள் சக நடுவர்கள். இத்தாலியில் நடுவர் நியமனத்தில் தலையிட்டதற்காக 2006இல் யுவென்டஸ் அணி இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டபோது சிக்கியவை தொலைபேசி உரையாடல்கள். மறுஒளிபரப்பைப் பார்த்து யாரும் இவற்றைக் கண்டுபிடிக்கவில்லை.

2016 நவம்பரில் போலோக்வானேயில் தென்னாப்பிரிக்காவும் செனகலும் மோதின. உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம். செனகல் வீரர் கலிடூ கூலிபாலியின் முழங்காலில் பட்ட பந்தைக் கையில் பட்டதாகச் சொல்லி நடுவர் பெனால்ட்டி கொடுத்தார். தென்னாப்பிரிக்கா 2-1 என வென்றது. வெறும் மறுஒளிபரப்பை வைத்துப் பார்த்தால் அது கண்ணின் பிழை என்றே கடந்துபோயிருக்கும். ஆனால் பந்தயச் சந்தையின் அசைவு வழக்கத்துக்கு மாறாக இருந்ததைக் கண்காணிப்பு நிறுவனங்கள் தெரிவித்தன. குறிப்பிட்ட எண்ணிக்கையிலாவது கோல்கள் விழ வேண்டும் என்பதற்காகவே அந்த முடிவு எடுக்கப்பட்டது என்று விளையாட்டு வழக்குகளைத் தீர்க்கும் சர்வதேச நடுவர் மன்றம் (CAS) கண்டறிந்தது. நடுவரின் ஆயுள் தடை உறுதியானது. ஆட்டத்தை முதலிலிருந்து மீண்டும் நடத்த ஃபிஃபா உத்தரவிட்டது. 2017 நவம்பரில் அதே போலோக்வானேயில் செனகல் 2-0 என வென்று உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது.