ஒட்டிய தரைவிரிப்பை உரிக்கும் இயற்பியல்

பல ஆண்டுகளுக்கு முன் பசையிட்டு ஒட்டிய வினைல் விரிப்பின் ஓரத்தை இரு கைகளாலும் பற்றி இழுப்பவருக்கு, அறையின் தரை முழுவதுமே தம்மை எதிர்த்து இழுப்பதுபோல் தோன்றும். ஆனால் அந்த நேரத்தில் அவரோடு போராடுவது, விரிப்பு தரையை விட்டுப் பிரிந்துகொண்டிருக்கும் ஒரு மெல்லிய கோடு மட்டுமே.

பூசும்போது நீர்மமாக இருக்கும் பசை, கான்கிரீட்டின் நுண்துளைகளுக்குள் இறங்கி அங்கேயே இறுகிக் கொக்கிபோல் மாட்டிக்கொள்கிறது. அத்துடன் பசையின் மூலக்கூறுகளுக்கும் அவை தொடும் பரப்புக்கும் இடையே வாண்டர்வால்ஸ் விசை செயல்படுகிறது. தனித்தனியே மிக வலுக்குறைந்த இந்த ஈர்ப்புகள், பரப்பு முழுவதும் சேரும்போது பெரும் பிடிப்பாகின்றன. விரிப்பைத் தரைக்கு இணையாகத் தள்ளினால் அந்த விசையைப் பரந்த பசைப்பரப்பு பகிர்ந்துகொள்வதால், அது அசையாது. ஓரத்தை மேல்நோக்கி மடக்கி உரித்தாலோ, தகைவு (பரப்பின் ஒவ்வோர் அலகும் தாங்கும் விசை) முழுவதும் மடிப்பின் அடியில் உள்ள கோட்டில் குவிகிறது. அதனால் உரிப்பதற்கு வேண்டிய விசை விரிப்பின் நீளத்தைப் பொறுத்ததன்று, அகலத்தையே பொறுத்தது. 2 மீட்டர் அகல விரிப்பை 20 சென்டிமீட்டர் பட்டைகளாகக் கீறிக்கொண்டால், ஒவ்வொரு பட்டைக்கும் முன்பு தேவைப்பட்ட விசையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு போதும். இந்த வேலையில் ஒரு கூர்மையான கத்தி செய்யும் உதவியைத் தோள்வலிமை செய்யாது என்றே நான் கருதுகிறேன்.

வெப்பமும் இதே கோட்டில்தான் உதவுகிறது. பெரும்பாலான தரைப்பசைகள் நீளமான பலபடி மூலக்கூறுகளால் ஆனவை; சூடேறும்போது அவை ஒன்றன்மேல் ஒன்று எளிதாக வழுக்குவதால் பசை இளகுகிறது. வெப்பக்காற்றுத் துப்பாக்கியை ஒரே இடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். ஏனெனில் அளவுக்கு மீறிச் சூடான வினைல் சிதைந்து, மூச்சுக்குழாயை அரிக்கும் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை வெளியிடும். இதற்கு நேர்மாறான வழியும் உண்டு. −78.5 டிகிரி செல்சியசில் உள்ள உலர் பனிக்கட்டியை, அதாவது உறைந்த கார்பன் டைஆக்சைடை, மேலே வைத்தால் வினைல் ஓடு தரையைவிட வேகமாகச் சுருங்க, பசையும் நொறுங்கும் தன்மை அடைந்து வெடித்துப் பிரிகிறது. பனிக்கட்டி கார்பன் டைஆக்சைடாக ஆவியாவதால், காற்றோட்டமில்லாத அறையில் இதைச் செய்தால் மூச்சுத்திணறல் ஏற்படும்.

எல்லாப் பசைகளும் இப்படி இணங்குவதில்லை. நீரில் கரைத்துச் செய்த சில பசைகள் வெந்நீரில் ஊறி இளகிவிடும். எபாக்சி, பாலியூரித்தேன் போன்றவற்றில் மூலக்கூறுச் சங்கிலிகள் குறுக்குப் பிணைப்புகளால் வலைபோல் பின்னப்பட்டிருப்பதால், சூடாக்கினால் ஓரளவு மென்மையாகுமே தவிர உருகாது. அவற்றைச் சுரண்டியோ அரைத்தோதான் எடுக்க வேண்டும். கான்கிரீட்டை அரைக்கும்போது எழும் சிலிக்கா தூசு நுரையீரலை நிரந்தரமாகப் பாதிக்கும் என்பதால், தூசை உறிஞ்சும் கருவியும் தகுந்த முகக்கவசமும் இன்றி அரைக்கவே கூடாது.

கட்டுரையில் இது பின்னால் வந்தாலும், செயலில் முதலாவதாக வர வேண்டியது ஒன்று உண்டு. பழைய வினைல் ஓடுகளிலும், அவற்றின் அடியில் பூசிய கறுப்புத் தார்ப்பசையிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இழைகள் கலந்திருக்கக்கூடும். பல நாடுகளில் 1980கள் வரையிலும் அவ்வாறு தயாரித்தார்கள். அசைக்காமல் விட்ட ஓட்டில் இழைகள் சிறைப்பட்டிருக்கும். உடைக்கும்போதும், குறிப்பாக உலர்ந்த பரப்பை இயந்திரத்தால் தேய்க்கும்போதும், கண்ணுக்குத் தெரியாத அளவில் அவை காற்றில் மிதக்கும். அவற்றைச் சுவாசித்தவருக்குப் பல பத்தாண்டுகள் கழித்தும் நுரையீரல் புற்றுநோயோ, நுரையீரல் உறையைத் தாக்கும் மீசோதீலியோமாவோ வரலாம். ஓட்டின் நிறத்தையோ அளவையோ பார்த்து இதைத் தீர்மானிக்க முடியாது. ஆய்வகத்தில் மாதிரியைச் சோதித்தபின், கல்நார் இருப்பது உறுதியானால் அந்த வேலையைப் பயிற்சி பெற்றவர்களிடம் ஒப்படைப்பதே சரி.

விரிப்பு போனபின் எஞ்சும் பசைக்கறையைக் கரைப்பான் ஊற்றி நீக்குவோர், கரைந்த பசையைத் தாமறியாமலே கான்கிரீட்டின் துளைகளுக்குள் இறக்கிவிடுகிறார்கள். அந்த எண்ணெய்ப்பசை புதிய பசையை உள்ளே இறங்கவிடாது. உலர்ந்த தரையில் சில துளி நீரைவிட்டுப் பார்க்கலாம்: நீர் முத்தாகத் திரண்டு நின்றால் துளைகள் இன்னும் அடைபட்டிருக்கின்றன, பரவி ஊறி, அந்த இடம் கருத்தால் தரை அடுத்த பசையை ஏற்கும் நிலைக்கு வந்திருக்கிறது.